முப்பத்து நான்கு நார்மல்களும் ஒரு தலையணையும்

"நார்மல்" என்ற சொல்லைக் கேட்டு அழுத மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள், அது நான்தான்.

இரண்டாயிரம் பிறந்து நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்தொன்பது வயது. முத்தியால்பேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். எங்களோடு மூன்றாவது ஆளாக ஒரு வயிற்றுவலியும் ஒன்றரை வருடமாகக் குடியிருந்தது. தொப்புளுக்கு இடதுபக்கம் இரண்டு விரல் தள்ளி அதன் இருப்பிடம். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு பிழி பிழியும். பத்து நிமிடத்தில் போனாலும் போகும், அரை நாள் உட்கார்ந்தாலும் உட்காரும். சாப்பிட்டாலும் வலிக்கும், பட்டினி கிடந்தாலும் வலிக்கும். இதில் ஒரு நியாயம் வேண்டாமா?

பார்க்காத டாக்டர் இல்லை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், வாய்வழியாகக் குழாய் விட்டு உள்ளே கேமராவால் சுற்றிப் பார்த்தார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமே இல்ல தம்பி, எல்லாம் நார்மல். சந்தோஷமாப் போங்க" என்பார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகப் போவேன்.

எதிர்வீட்டுக்காரர் ஒருவர் தன் சிறுநீரகக் கல்லைக் குட்டி டப்பாவில் போட்டு ஷோகேஸில் வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் குலுக்கிக் காட்டுவார். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும் (இது வேறு எரிச்சல்). கடவுளே, எனக்கும் ஒரு சின்னக் கல் இருக்கக் கூடாதா, மிளகு அளவு போதுமே என்று வேண்டியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். வலிக்கிறது என்று சொல்கிறவனுக்குச் சாட்சி சொல்ல ஒரு கல்கூட இல்லாவிட்டால், கொஞ்ச நாளில் அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடும். நான் நடிக்கிறேனோ என்று கண்ணாடியைப் பார்த்து என்னையே விசாரித்த நாட்கள் உண்டு.

வில்லியனூர்ப் பக்கம் ஒருவர் தொக்கம் எடுப்பார், தொண்டையிலும் வயிற்றிலும் சிக்கிக்கொண்டதை வெளியே கொண்டுவந்துவிடுவார் என்று அம்மா அழைத்துப் போனாள். அவர் என் வயிற்றைத் தடவி, எதையோ ஊதி, உள்ளங்கையில் ஒரு சோற்றுப் பருக்கையைக் காட்டினார். "மூணு வருஷத்துக்கு முந்தி தின்னது, ஒட்டிக்கினு இருந்துச்சு" என்றார். பருக்கை அன்று காலையில் வடித்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. வலி மட்டும் எங்களோடு அதே பஸ்ஸில் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் என் தொழில்புத்தியையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வாங்கிய லேமினேஷன் மெஷினில் எதைக் கண்டாலும் நுழைத்துவிடுகிற வெறி எனக்கு அப்போது. என் மருத்துவ ரிப்போர்ட்டுகள் முப்பத்து நான்கையும் லேமினேட் செய்து, தேதிவாரியாக அடுக்கி, ஃபைலில் போட்டிருந்தேன். டாக்டர்கள் அதன்மேல் எழுதப் பார்ப்பார்கள், பேனா வழுக்கிக்கொண்டு ஓடும். ஒருவர் எரிச்சலில், "இதையெல்லாம் எதுக்குப்பா கண்ணாடி போட்டு வச்சிருக்க?" என்று கேட்டார். பெருமையாக இருந்தது எனக்கு.

இதற்கு நடுவில் பெண் பார்க்கும் படலம் வேறு. முதலில் வந்த இரண்டு இடமும், "பையனுக்கு வயித்துல ஏதோ கோளாறாம்" என்று காதில் விழுந்ததும் கழன்றுகொண்டன. அம்மா இரண்டு முறையும் பூஜையறையில் போய் உட்கார்ந்து அழுதாள். இனிமேல் சொல்லக் கூடாது, மறைத்துத்தான் கல்யாணம் பண்ண வேண்டும் என்று முடிவெடுத்தாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அம்மாவின் கண்ணீரைப் பார்த்தால் வாயும் வரவில்லை. சொன்னால் கல்யாணம் நடக்காது, சொல்லாவிட்டால் கல்யாணம் முழுக்க நடிக்க வேண்டும். இதை யோசிக்க யோசிக்க வலி இன்னும் கூடியது.

அப்போதுதான் தரகர் கோபால் மூன்றாவது இடத்தோடு வந்தார்.

"பொண்ணு வூடு உப்பளம். பேரு வசந்தி. பால்வாடில டீச்சரு. அப்பா சொல்தா" என்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை, ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், சொல்தா என்றுதான் சொல்வோம். அவருக்கும் குடும்பத்துக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. எங்கள் ஊரில் அப்படி ஒரு பெண் அமைந்தால், ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பதற்கு முன் பாரீஸ் டிக்கெட்டைத்தான் பார்ப்பார்கள்.

"அடேங்கப்பா, பிரான்சா!" என்று அம்மா வாயைப் பிளந்தாள்.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. பிரான்சு டாக்டர்களாவது என் வலியைக் கண்டுபிடிப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டேன். பெண்ணின் அப்பாவிடம் நேரம் பார்த்து, "அங்க வயித்துக்கு நல்ல டாக்டருங்க இருக்காங்களா மாமா? நாம எப்ப போலாம்?" என்று கேட்பதாகத் திட்டம். (இதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.)

போகும்போது கோபால் ஒரு குண்டைப் போட்டார். "ஒரு விஷயம்மா. பிரெஞ்சு சட்டப்படி கல்யாணத்துக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போய் ஒடம்பக் காட்டி ஒரு செர்த்திஃபிகா வாங்கித் தரணும். சொல்தா ரொம்ப கறாரு."

செர்த்திஃபிகா என்றால் ஒற்றைக் காகிதம். ஆளைப் பரிசோதித்தேன் என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அதுவும் எல்லாம் கூடி வந்த பிறகு கேட்பது. எங்களுக்கு அது தெரியாது. அம்மா இரண்டு நாள் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தாள். மூன்றாம் நாள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏன்டா சேகரு, அவங்க ஒண்ணுதான கேக்குறாங்க? நம்மகிட்டதான் முப்பத்தி நாலு இருக்குதே. அல்லாத்துலயும் நார்மல்னுதான போட்ருக்கு? ஊர்ல எந்த மாப்ளகிட்ட இவ்ளோ இருக்கும்?"

அவ்வளவு நாள் மறைத்ததை இனிமேல் பெருமையாகக் காட்டுவது என்று தீர்மானம் ஆனது. வலி என்ற வார்த்தை மட்டும் வரக் கூடாது. "சும்மா ஒடம்ப செக் பண்ணிக்கினான்னு சொல்றேன். நீ வாயத் தொறக்காத. சாப்புடுங்கன்னு சொன்னாகூட தலைய மட்டும் ஆட்டு" என்று உத்தரவு. நானும் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு உப்பளம் போனோம். தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. பழத்துக்கு அடியில் ஃபைல்.

வீடு பளபளவென்று இருந்தது. மொசைக் தரையில் முகம் பார்க்கலாம். சுவரில் சீருடையோடு சொல்தாவின் போட்டோ. நேரில் அவர் போட்டோவைவிட விறைப்பாக இருந்தார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவரை முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்களாம். எனக்கும் அதுதான் பாதுகாப்பாகத் தோன்றியது. அவர் மனைவி கேசரி, பஜ்ஜி வைத்தார். கூடவே "காத்தோ" என்று ஒரு கேக்கும் வைத்தார். வசந்தி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளுடைய தங்கை சுமதி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை, கதவோரம் நின்று என்னைக் கண்காட்சி பார்ப்பது போல் பார்த்தது.

"தம்பி காலைல எத்தினி மணிக்கு எழுந்திருப்பீங்க?" என்றார் முசே. குரலில் அணிவகுப்பு மைதானம் தெரிந்தது.

"அஞ்சு மணிக்கு முசே" என்றேன். (ஏழரை.)

பொய் வெளியே போன வழியாக வலி உள்ளே வந்துவிட்டது. இடதுபக்கம் ஒரு பிழி. நான் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு பஜ்ஜியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் விரல் வழியாக வழிந்து முழங்கை வரை வந்தது.

"எல்லாம் ஒத்து வந்தா பின்னால ஒரு செர்த்திஃபிகா வேணும். அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் முசே.

அம்மா இதற்காகவே காத்திருந்தாள். "அப்புறம் எதுக்குங்க? கையோட கொண்டாந்துட்டேன்" என்று பழத்தை ஒதுக்கி ஃபைலை எடுத்தாள்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முப்பத்து நான்கு ரிப்போர்ட்டைப் புரட்டிப் புரட்டி, நார்மல் என்ற சொல்லின் உருவம் மட்டும் மனப்பாடம் ஆகியிருந்தது. அதன்மேல் விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"இது ஈரலுங்க. நார்மல். இது பித்தப்பை, அதுவும் நார்மல். இது ரெண்டு கிட்னியும். நல்லாப் பாத்துக்குங்க, ரெண்டுமே நார்மல்."

தரகர் கோபால் தலையைக் குனிந்துகொண்டார். வசந்தியின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். சுமதி வெளிப்படையாகவே சிரித்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் என் குடல் வரை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. அம்மா உற்சாகம் தாளாமல், "மலப் பரிசோதனகூட..." என்று அடுத்ததை உருவினாள். அந்த இழுப்பில் மடியிலிருந்த மொத்த அடுக்கும் சரிந்தது.

லேமினேட் செய்த தாள், மொசைக் தரை. நீங்களே யோசித்துப் பாருங்கள். விசிறி அடித்த மாதிரி மிச்சமிருந்த முப்பது தாளும் கூடம் முழுக்க வழுக்கிக்கொண்டு ஓடின. என் பித்தப்பை சோபாவுக்கு அடியில் போயிற்று. ஸ்கேன் ஒன்று வசந்தியின் கால்விரலில் மோதி நின்றது. ஒன்று நேராகப் போய் முசேயின் செருப்புக்குப் பக்கத்தில் மரியாதையாக நின்றது.

அவர் அதை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். அது ரிப்போர்ட் இல்லை. கடைசியாகப் பார்த்த டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதிக்கொடுத்த சீட்டு. கையில் கிடைத்ததையெல்லாம் மெஷினில் விட்டவன் அதையும் விட்டிருந்தேன்.

"சேகர், வயது இருபத்தொன்பது. நீண்டநாள் வயிற்றுவலி. சோதனைகள் எல்லாம் நார்மல். மனநல மருத்துவரின் ஆலோசனை தேவை" என்று அவர் தமிழாக்கி நிதானமாகப் படித்தார்.



அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "ஐயய்ய, அது எவனோடதோங்க. கடைல ஜெராக்ஸ் எடுக்க வந்தவனோடது, கலந்துருச்சு" என்றாள். என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கண்ணாடி போட்டு வைத்ததால் பளிச்சென்று வேறு தெரிந்தது.

எனக்கு அந்த நேரம் வலி உச்சத்தில் இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். எனக்காகப் பொய் சொல்லி, அதுவும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. போகிறது கழுதை, இந்தக் கல்யாணமும் வேண்டாம் என்று எழுந்து நிற்கப் பார்த்தேன். பாதிதான் நிமிர முடிந்தது.

"அது என்னோடதுதாங்க. எனக்கு ஒன்றர வருஷமா வயித்துவலி. எதனாலன்னு யாருக்கும் தெரியல. எல்லாம் நார்மல்னு சொல்றாங்க, ஆனா வலிக்குது. அம்மா என்னக் கரை சேக்கணும்னுதான் மறைச்சாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க கெளம்புறோம்" என்றேன்.

முசே வாயைத் திறப்பதற்குள் வசந்தி பேசினாள். அதுவரை அவள் குரலையே நான் கேட்டிருக்கவில்லை.

"இப்ப வலிக்குதா?"

ஒன்றரை வருடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். என்ன சாப்பிட்டாய், குடிப்பாயா, யாராவது செய்வினை வைத்தார்களா. இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கையில் அந்தப் பஜ்ஜி இன்னும் இருந்தது.

"வலிக்குதுங்க" என்றேன்.

"அப்ப எங்க கெளம்புறீங்க? படுங்க" என்றாள். பால்வாடியில் நாற்பது பிள்ளைகளை மத்தியானம் தூங்கவைக்கிற குரல் அது. நான் பேசாமல் சோபாவில் படுத்தேன். சுமதி ஓடிப்போய்த் தலையணை எடுத்து வந்தது. வசந்தி உள்ளே போய், ரப்பர் பை ஒன்றில் வெந்நீர் நிரப்பிக் கொண்டுவந்தாள். சிவப்பு நூலில் பின்னிய உறை போட்டிருந்தது.

"இது அப்பா பிரான்சுலேர்ந்து கொண்டாந்த புய்யோத். குளுருக்கு வச்சிக்கிறது. இங்க எங்க குளுரு? எங்க வூட்ல வயித்துவலிக்குதான் வச்சிக்குவோம்" என்று என் வயிற்றின்மேல் வைத்தாள்.

அந்தச் சூடு உள்ளே இறங்க இறங்க, பிழிந்துகொண்டிருந்த கை மெல்ல விட்ட மாதிரி இருந்தது. இனிமேல் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. எதிரில் முசே, பக்கத்தில் அம்மா, தலைக்கு மேல் ஃபேன். இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு எழுந்து மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

கண் விழித்தபோது மணி ஆறரை. விளக்கு ஏற்றியிருந்தார்கள். என்மேல் ஒரு போர்வை. சுற்றிலும் நாற்காலிகளில் முசேயும் வசந்தியும் சுமதியும், நடுவில் வந்து சேர்ந்த யாரோ இரண்டு உறவினரும் உட்கார்ந்து, காபி குடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் பெண் வீட்டுக் கூடத்தில், வாய் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். பெண்ணை நான் பார்த்ததைவிட, பெண் வீட்டார் என்னைத்தான் நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறார்கள்.

அம்மா சமையலறையில் வசந்தியின் அம்மாவிடம் அழுது முடித்து, கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

முசே ஃபைலை என்னிடம் நீட்டினார். தேதிவாரியாக, மூலைக்கு மூலை சரியாக அடுக்கியிருந்தது. "முப்பத்தி நாலும் இருக்கு. பித்தப்பைய குச்சி விட்டுத்தான் எடுத்தோம்" என்றார். நான் ஆட்டோவில் ஏறியதும் முகத்தை மூடிக்கொண்டேன். ஊரை விட்டே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அம்மா மட்டும், "அந்தப் பொண்ணு கையால ஒருநாள் சாப்புடக்கூட நமக்குக் குடுத்துவைக்கல" என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

ஒரு வாரம் கழித்துக் கோபால் மூச்சிரைக்க ஓடிவந்தார். சம்மதமாம்.

"எப்படிய்யா?" என்றேன், நம்ப முடியாமல்.

"முசே சொன்னத அப்டியே சொல்றேன். 'இதுக்கு முந்தி ஆறு பேரு வந்தானுங்க. ஆறு பேரும் காபி ஆறுறதுக்குள்ள பிரான்சுக்கு எப்ப டிக்கெட்டுன்னு கேட்டானுங்க. இவன் ஒருத்தன்தான்யா பிரான்ச பத்தி மூச்சே வுடாம தூங்குனான்'னு சொல்றாரு."

அந்தச் சீட்டு மட்டும் வழுக்கிப் போகாமல் இருந்திருந்தால் நானும் பிரான்சைப் பற்றிக் கேட்டு ஏழாவது ஆளாகியிருப்பேன் என்பது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

வசந்தியிடம் நிச்சயதார்த்தத்தன்று கேட்டேன், உனக்கு எப்படிப் பிடித்தது என்று.

"பொய் சொல்லி மாட்டிக்கினா எல்லாரும் இன்னொரு பொய் சொல்லுவாங்க. நீங்க உண்மையச் சொல்லிட்டு, பஜ்ஜியப் புடிச்சிக்கினு அழுதீங்க. பாவமா இருந்துச்சு" என்றாள். "அப்புறம் அந்தக் கொறட்ட. அதுக்குதான் ஒரு வாரம் யோசிச்சேன்."

செர்த்திஃபிகா ஒரே ஒரு டாக்டரிடம், ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. அந்தச் சீட்டு யாருக்கு எழுதப்பட்டிருந்ததோ அந்த மனநல மருத்துவரிடமும் போனோம். கூட வந்தது வசந்தி. பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க வலி நிஜம், நடிப்பு இல்ல. சில வீட்டுல காலிங் பெல் பொத்தான் மாட்டிக்கிட்டா வாசல்ல யாரும் இல்லாமலே அடிக்கும். வயித்துக்கும் மூளைக்கும் நடுவுல அப்படி ஒரு மணி அடிக்குது. மணிச்சத்தம் பொய்யில்ல. ஆனா திருடன் வரல" என்றார். அன்றைக்கும் நான் அழுதேன். அதுவும் சந்தோஷத்தில்.

ஒரே மாத்திரையில் மாயமாகிவிட்டது என்று சொன்னால் அது தொக்கம் எடுத்தவர் காட்டிய பருக்கை மாதிரி ஆகிவிடும். மெதுவாகத்தான் குறைந்தது. மருந்து கொஞ்சம், மூச்சுப்பயிற்சி கொஞ்சம், கடற்கரைச் சாலையில் வசந்தியோடு நடை கொஞ்சம். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று அவள் ஒரு நோட்டில் எழுதினாள். அம்மா கவலைப்பட்ட நாட்களில்தான் எனக்கு அதிகம் வலித்திருக்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். இன்றும் வருடத்தில் நாலைந்து முறை எட்டிப் பார்க்கும். வந்தால் வரட்டும் என்று புய்யோத்தை எடுத்து வைத்துக்கொள்வேன்.

அந்தப் புய்யோத் என் வீட்டுக்கு வந்த கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தில் பெண் வீட்டு வரிசைத் தட்டுகள் வந்தன. பழம், பலகாரம், பட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு தட்டை முசே தானே ஏந்திக்கொண்டு, மார்பை நிமிர்த்தி நடந்து வந்தார். அதில் மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சுற்றி, சிவப்பு உறையோடு அது உட்கார்ந்திருந்தது. மண்டபமே சிரித்தது. அம்மா முதல் ஆளாகச் சிரித்தாள்.

லேமினேட் செய்த ரிப்போர்ட்டுகள் வீணாகவில்லை. கரண்ட் போனால் ஆளுக்கு ஒன்று எடுத்து விசிறிக்கொள்வோம். "அப்பாவோட ஈரல குடு, அதுலதான் காத்து நல்லா வருது" என்று என் மகள் சண்டை போடுவாள்.

சுமதிக்கு வரன் பார்த்தபோது அந்தப் பையனை அதே கூடத்தில் உட்காரவைத்தார்கள். நல்ல பையன், நல்ல உத்தியோகம். முசே (இப்போது எனக்கு மாமா) எழுந்துபோய், சோபாவில் தலையணையைப் போட்டுத் தட்டிச் சரிசெய்தார்.

"பேச்செல்லாம் அப்புறம் தம்பி. மொதல்ல ஒரு ரெண்டு மணி நேரம் தூங்கிக் காட்டுங்க. எங்க வூட்ல மாப்ள பாக்குறது அப்டித்தான்" என்றார்.

பையன் கோட்டோடு படுத்தான். கண்ணை இறுக்கி மூடினான். புரண்டான். சுற்றிலும் பன்னிரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? வேர்த்துக் கொட்டியது. நான் கையோடு கொண்டுபோயிருந்த பித்தப்பை ரிப்போர்ட்டை எடுத்து அவனுக்கு விசிறிவிட்டேன். அரைக் கண்ணைத் திறந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

பாவம், அந்தப் பையனுக்கு எல்லாமே நார்மல்.